பெரிய டயர் பூட்டி, பின்பக்கமாய் மேடு ஏறிய லொறி

கராஜுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, யாராவது வந்து லொறிக்குப் பெரிய டயர் பூட்டித் தரச் சொன்னால், உடனே ஜாக்கியைத் தூக்காதீர்கள். ஆளை உட்கார வைத்து ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, ஏன் என்று கேளுங்கள். உண்மையான காரணத்தைச் சொல்லமாட்டார். பள்ளம் என்பார், சேறு என்பார், பாரம் என்பார். அவ்வளவையும் கேட்டு முடித்துவிட்டு முகத்தைப் பாருங்கள். காரணம் அங்கேதான் எழுதி ஒட்டியிருக்கும்.

பிலிப்பு அண்ணர் என்னிடம் சொன்ன காரணம் மழை வெள்ளம். கொட்டாஞ்சேனையில் வெள்ளம் வந்தால் லொறி மூழ்கிவிடுமாம். அது நல்ல வெயில் காலம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டிருந்த நாட்கள்.

உண்மையான காரணத்தின் பெயர் றீற்றா. பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. நல்ல உயரமான பெண். பிலிப்பு அண்ணரின் உயரத்தைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. ஸ்டியரிங்குக்கு மேலால் ரோட்டைப் பார்ப்பதா, நடுவால் பார்ப்பதா என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தபடியால் டிரைவர் வைத்திருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆள் நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. சொத்து என்று இருந்தது ஒரே ஒரு லொறி. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்னமே கப்பலில் வந்து இறங்கிய லொறி அது. ஹார்பர் ஸ்டோர்களிலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கியே கிழடாகிப் போயிருந்தது.

றீற்றாவின் தகப்பன் ஹார்பரில் இழுவைப் படகு ஓட்டிப் பென்சன் எடுத்தவர். இழுவைப் படகை ஹார்பரில் டக் என்பார்கள், அதனால் எல்லோருக்கும் அவர் டக் ஐயா. பெரிய பெரிய கப்பல்களை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு திரிந்த மனிதர், பென்சனுக்குப் பிறகு இழுக்க ஒன்றும் இல்லாமல் எந்நேரமும் கடுகடுத்த முகத்தோடு இருப்பார். பிலிப்பு அண்ணர் போய்ப் பெண் கேட்டபோது அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நாங்கள் கொச்சிக்கடையிலை இருந்து கொட்டாஞ்சேனை மேட்டுக்கு வீடு மாறப்போறம். அண்டைக்கு உம்மடை லொறியைக் கொண்டாரும். பாப்பம்" என்றாராம்.

அது வீடு மாறுகிற வேலையல்ல, சோதனை என்பது ஊருக்கே தெரியும். றீற்றாவுக்கும் தெரியும். பிலிப்பு அண்ணருக்கோ அன்றிலிருந்து நித்திரை இல்லை. லொறி பார்வைக்கு எடுப்பாக இருந்தால் தானும் எடுப்பாகத் தெரிவேன் என்று அவர் மூளையில் யாரோ ஏற்றிவிட்டார்கள். வேறு யார், அவரேதான்.

எழுபதுகளில் டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த நேரம் பார்த்து ஒரு ஏலத்தில் பெரிய வாகனமொன்றின் டயர்கள் வந்தன. ரிம் அளவு இதற்குப் பொருந்தும். ஆனால் தடிப்பும் உயரமும் எக்கச்சக்கம். அண்ணர் தன் பழைய டயர்களை விற்றுப்போட்டு அவற்றை எடுத்தார். முதல் டயரைத் தானே உருட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார். டயர் மட்டும் தனியாக உருண்டு வருவதைக் கண்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். அது நின்ற பிறகுதான் பின்னாலிருந்து அவர் தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, பூட்டு" என்றார்.

"அண்ணை, சில்லு பெரிசானால் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். எஞ்சின் அதே கிழட்டு எஞ்சின்தானே."

"கூடத் தூரம் போனால் லாபம்தானே."

"போகத் தொடங்கினால் லாபம். தொடங்கவேணுமே. முதல் கியர் இனிக் கிட்டத்தட்ட ரெண்டாம் கியர் மாதிரித்தான் இழுக்கும். பாரத்தோடை மேட்டிலை நிண்டு யோசியுங்கோ. கிளச் எரியும், இல்லாட்டி அக்சில் முறியும். பிரேக்கும் முந்தின மாதிரிப் பிடியாது."

"நீ மெக்கானிக்கோ, சாத்திரியாரோ? பூட்டு."

பூட்டினேன். மட்கார்டை வெட்டி, பின்னால் இரட்டைச் சில்லுகள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் தகடு வைத்து விலத்தி, ஒருவழியாய் நிறுத்தினோம். லொறி கால் நீண்ட ஆடு மாதிரி நின்றது. மாளிகாவத்தையில் இருந்து வருகிற டிரைவர் ஜவுபர் நானா ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பாஸ், இங்க ஈந்து பாத்தா பஸ்ல போறவங்கட சொட்டைத் தலயெல்லாம் எண்ணேலும் போல ஈக்கி."

அடுத்த கிழமையே வெள்ளவத்தையில் காலி வீதியில் வைத்துப் பொலிஸ் மறித்தது. வேகமாய் ஓடினாராம். நானா அப்பாவியாய், "மாத்தயா, மீட்டரே திஹய் தியென்னே" என்றிருக்கிறார். மீட்டரில் முப்பதுதானே காட்டுது என்று. பொலிஸ்காரர் லொறியைச் சுற்றிவந்து, டயருக்குப் பக்கத்தில் நின்று, தன் நெஞ்சளவுக்கு அது இருப்பதைக் கையால் அளந்து பார்த்தார். "மீட்டரே நெமெய், டயர் எக்க பலன்ன" என்று சொல்லிவிட்டுத் தண்டம் எழுதினார். மீட்டரையல்ல, டயரைப் பார் என்றார். அந்த மனிதர் எங்கள் கராஜில் இருந்திருக்க வேண்டியவர். மீட்டர் பாவம், கியர்ப்பெட்டிப் பக்கத்துச் சுற்றைத்தான் அது எண்ணுகிறது. வெளியே எந்த அளவில் டயர் உருளுகிறது என்று அதற்கு யார் சொல்வது? பிலிப்பு அண்ணர் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டார். "லொறி என்ன பாய்ச்சல் பாயுது பாத்தியோ" என்று என்னிடமே கேட்டார். இப்படிப்பட்டவர்களோடு தர்க்கம் பண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள். எத்தனை மேடு இருக்கிறது நாட்டில், ஒன்று சொல்லிக் கொடுக்கும்.

வீடு மாறுகிற நாள் வந்தது. நீயும் வா என்று என்னையும் இழுத்துப் போனார் அண்ணர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், தலையில் அரைப் போத்தல் எண்ணெய். டக் ஐயா வீட்டுச் சாமான்களைக் கண்டதும் நான் போய்ப் பின்சில்லுகளை ஒருதரம் தட்டிப் பார்த்தேன். முதிரை மரத்தில் செய்த பாரமான அலுமாரி, கட்டில்கள், சாப்பாட்டு மேசை, தையல் மெஷின். எல்லாம் போதாதென்று முற்றத்தில் மல்லிகைக் கொடி படரவிட்டிருந்த ஒரு பழைய இரும்பு நங்கூரம்.

"ஐயா, இதுவுமோ?" என்று கேட்டேன்.

"நான் போற இடத்துக்கு அதுவும் வரும்" என்றார். ஆறு பேர் சேர்ந்து ஏற்றினோம்.

எங்கள் ஆட்கள் வீடு மாறும்போது சாமானுக்கு முதல் திருஇருதய ஆண்டவர் படம்தான் புதுவீட்டுக்குள் போகவேண்டும். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரிக்க இருந்தார். அதற்குப் பிறகு பால் காய்ச்சுவார்கள். அதனால் டக் ஐயா படத்தை மடியில் வைத்துக்கொண்டு, முகம் முன்பக்கம் பார்க்க, நானாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். றீற்றா முன்கூட்டியே மேட்டு வீட்டுக்குப் போய், அடுப்பை மூட்டி வைத்துவிட்டுக் கேற்றடியில் நின்றார். அண்ணர் பக்கப்பலகையில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு, மேட்டைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார்.

மேட்டில் கால்வாசிகூட ஏறவில்லை. லொறி ஒரு குலுக்குக் குலுக்கியது. எஞ்சின் அலறுகிறது, சில்லு அசையவில்லை. கருவாடு தீய்ந்த மாதிரி கிளச் மணம் எழும்பியது. பிறகு லொறி மெல்லப் பின்னால் வழுகத் தொடங்கியது. நானா பிரேக்கில் ஏறி நின்றார். சாமானோடு பின்னால் இருந்த நான் குதித்துப் பின்சில்லுக்குக் கட்டை போட்டேன். அதற்குள் தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் மிதிச்சால் ஏறும்" என்றார் அண்ணர்.

"முதலாளி, ஏன்ட காலும் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சி போச்சி" என்றார் நானா.

தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் மெக்கானிக்குக்கு இரண்டு குரல் கேட்கும். ஒன்று முதலாளியுடையது, மற்றது கிளச்சுடையது. எப்போதும் கிளச்சுக்குத்தான் முதலில் காது கொடுங்கள். முதலாளி கோபித்தால் நாளைக்குச் சமாதானமாகலாம். கிளச் கோபித்தால் கழற்றத்தான் வேண்டும்.

பாரத்தை இறக்கிப் பாதி பாதியாகக் கொண்டுபோனால் பாதர் வந்து காத்திருந்து போய்விடுவார். வேறு லொறி பிடித்தால் சாமான் போய்ச் சேரும், பிலிப்பு அண்ணரின் கலியாணம் அந்த மேட்டடியிலேயே இறங்கிவிடும். இன்னும் மிதித்தால் அக்சில் முறியும், பிழைப்பும் போகும், பெண்ணும் போகும். மிச்சம் இருந்தது ஒரு வழி. அந்தப் பழைய லொறியில் ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட மெதுவானது, ஆனால் பலமானது. பின்பக்கமாய் ஏறினால் ஏறும்.

அண்ணரைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, றீற்றா மேலை நிக்கிறா. நான் லொறியின்ரை பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போறதோ?"

"முறிஞ்ச அக்சிலைக் காட்டுறதைவிட அது வடிவு, அண்ணை."

அவர் மேட்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கடைசியில் தலையாட்டினார்.

டக் ஐயாதான் மறுத்தார். "படம் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளை போறதோ? என்ரை உயிர் இருக்குமட்டும் நடக்காது."

"ஐயா, நீங்கள் படத்தோடை லொறிக்குப் பின்னாலை ஏறி இருங்கோ. மேட்டைப் பாத்துக்கொண்டு. இண்டைக்குப் பின்பக்கம்தான் முன்பக்கம்" என்றேன்.

ஐயா மடியிலிருந்த படத்தைத் திருப்பி ஒருதரம் பார்த்தார். பிறகு அந்தக் கடுகடுத்த முகத்தில் ஏதோ அசைந்தது. "ஹார்பருக்குள்ளை எத்தினை கப்பலை இப்பிடிப் பின்பக்கமாக் கொண்டந்து கட்டியிருக்கிறன், தெரியுமோ?" என்றார். அடுத்த நிமிஷம் சாமானோடு இருந்த அவருடைய சாய்மனைக் கதிரை லொறியின் வால்பக்கம் போய்விட்டது. ஐயா அதில் ஏறி உட்கார்ந்து, படத்தை மடியில் நிமிர்த்தி வைத்து, "கேட்டுதோ டிரைவர்? நான் சொல்லுற மாதிரி மட்டும் ஓட்டவேணும்" என்று குரல் கொடுத்தார். பென்சனுக்குப் பிறகு அந்தக் குரலை ஊர் கேட்டது அன்றைக்குத்தான்.

கீழே சந்திவரை இறங்கி லொறியைத் திருப்பினோம். நான் நானாவிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னேன்: குலுக்கக்கூடாது, உலுப்பக்கூடாது. ரிவர்ஸில் போகும்போது பின்சில்லுகளைச் சுற்றுகிற டிப்பரன்சலில் பல்லின் முதுகில்தான் பாரம் விழும். அந்தப் பக்கம் வேலை செய்து பழகாத பக்கம். மெதுவாய்ப் போனால் தாங்கும், அடித்தால் உதிரும். சறுக்கினால் மறிக்க முன்சில்லு ஒவ்வொன்றோடும் ஒரு ஆள் கட்டையோடு நடக்கவேண்டும். ஒரு பக்கம் நான். மற்றப் பக்கத்துக்கு ஆள் தேடினேன். பிலிப்பு அண்ணர் ஒன்றும் பேசாமல் கட்டையை எடுத்தார். வெள்ளைக் காற்சட்டையோடு குனிந்தார்.

புறப்பட்டது ஊர்வலம். முதலில் அலுமாரி, அதற்கும் முன்னால் கதிரையில் டக் ஐயாவும் ஆண்டவரும். கடைசியில் லொறியின் மூஞ்சை. அதற்கும் கீழே குனிந்த முதுகோடு நாங்கள் இருவர். மாடியில் நின்ற ஒரு மனுசி, "முன்னுக்கு வர வெக்கமோ?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அண்ணர் நிமிரவில்லை.

"இடப்பக்கம்" என்று கத்தினார் ஐயா. லொறி நேரே ஒரு மதிலை நோக்கிப் போனது.

"எந்த இடம்? அவர்ட இடமா, ஏன்ட இடமா?" என்று நானா தலையை வெளியே நீட்டினார். ஒருவர் மேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஒருவரின் இடம் மற்றவரின் வலம்.

"இடமும் வேண்டாம் வலமும் வேண்டாம். கடல் பக்கம், கோயில் பக்கம் எண்டு சொல்லுங்கோ" என்று நான் கத்தினேன். அதற்குப் பிறகு ஒரு சிக்கலும் இல்லை. கடல் பக்கம் கொஞ்சம், கோயில் பக்கம் கொஞ்சம், அப்பிடியே, மெதுவா, மெதுவா. எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே ஏறியது. இரண்டு பேர் இரண்டு திசையைப் பார்த்து ஒரு வாகனத்தை ஓட்டினால், இருவருக்கும் அசையாத ஒன்றை முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைக் கராஜில் கற்கவில்லை, அந்த மதிலில் இருந்து ஒரு சாண் தள்ளிக் கற்றேன்.

வீடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வீடு வீடாய்ப் பாண் விற்கும் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டார். ஐயா கையைத் தூக்கினார். நானா மிதித்த மிதியில் எஞ்சின் நின்றுபோனது. பிரேக் ஒரு நொடி பிடித்தது. பிறகு கைவிட்டது. லொறி கீழ்நோக்கி அசைந்தது.

நான் கட்டையைத் தள்ளினேன். என் பக்கம் வடிகானோரக் கல்லில் வழுக்கிக் கட்டை எகிறிப் போய்விட்டது. அலுமாரி கிறீச்சிட்டது.

"நங்கூரத்தைப் போடு" என்று மேலேயிருந்து ஐயா கத்தினார்.

"என்னத்த போட?" என்றார் நானா.

மற்றப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பிலிப்பு அண்ணர் அந்தப் பிரமாண்டமான டயருக்கு முன்னால் முழங்காலில் நின்று, கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். டயர் கட்டையில் ஏறப் பார்த்து, முக்கி, நின்றது. அவருடைய முகத்துக்கும் டயருக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அளவுதான் வெளி.

"முதலாளி, கைய எடுங்கோ" என்று நானா அலறினார்.

"மாமா, படத்தைப் பிடியுங்கோ" என்று அண்ணர் கத்தினார். அதுவரை ஐயா, ஐயா என்று கூப்பிட்டவர். தான் என்ன சொன்னேன் என்று அவருக்கே தெரியாது. மேலே ஐயா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

நான் ஓடிப்போய் என் கட்டையை எடுத்துவந்து ஒழுங்காக வைத்தேன். அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை, நான்தான் தோளில் தட்டினேன். நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள், சொல்லிவிட்டேன். கட்டையைக் காலால் தள்ளிவிட்டு விலகிவிட வேண்டும். லொறியை மறுபடி வாங்கலாம், கையை வாங்க முடியாது. அன்றைக்கு நான் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன். பாதர் வர நேரமாகிவிட்டதால் தப்பினார்.

நானா எஞ்சினைக் கிளப்பி, மூச்சைப் பிடித்து, மிச்சத்தையும் ஏற்றினார். பாண்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார். ஐயா கேற்றடியில் இறங்கி, படத்தோடு நேரே உள்ளே போனார். ஆண்டவர் முகம் முன்பக்கம் பார்க்கத்தான் போனார். பாதர் வந்தபோது நாங்கள் அலுமாரியை இறக்கிக்கொண்டிருந்தோம். வீட்டை மந்திரித்தார்கள். பால் பொங்கி வழிந்தது. ஐயா மட்டும் அடிக்கடி வாசலுக்குப் போய் லொறியைப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொரு தரம் ஓட்டக் கேட்பாரோ என்று நானா பயந்துபோய்ப் பின்கதவால் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

பிலிப்பு அண்ணர் முற்றத்தில் நின்றார். வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால் இரண்டும் கறுப்பு. நெற்றியில் கிறீஸ். உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. தோற்றுப்போனோம் என்று முடிவு கட்டிவிட்டார். முகத்தில் அப்படியே தெரிந்தது.

டக் ஐயா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்த டயரை என்ன செய்யப்போறீர்?"

"கழட்டிப்போடுவன் ஐயா."

"மேட்டடியிலை வேறை மாதிரிக் கூப்பிட்டீர்."

அண்ணருக்குக் காது சிவந்துவிட்டது. ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மற்ற விஷயத்தை என்னட்டைக் கேளாதேயும். அங்கை கேளும்" என்று அடுப்படியைக் காட்டினார்.

றீற்றா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படி வாசல்நிலையில்தான் நின்றார். ஏந்திய தட்டில் பால் கோப்பைகள். பிலிப்பு அண்ணர் கறுத்துப்போன தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். ஊரெல்லாம் கதை அளக்கிற மனிதர்.

"லொறி பெரிசோ சின்னனோ எண்டு நான் பாக்கேல்லை, பப்பா. அது சறுக்கேக்கை இவர் விட்டிட்டு ஓடேல்லை. எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார் றீற்றா. தகப்பனிடம் சொல்வது போலச் சொன்னாலும் கண் அண்ணரில்தான் இருந்தது. தட்டை அவர் பக்கம் நீட்டினார்.

அவர் கோப்பையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. மேட்டில் பிடித்த கட்டையை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் அதை வாங்கினேன். இரண்டு தரம் இழுத்த பிறகுதான் விட்டார்.